பட்டியலில் ஏறாத நூல் யாருக்கும் இல்லை

மாணவர்களே, உங்களிடம் மூன்று கேள்விகள். நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் எத்தனை தமிழ் நூல்கள் இருக்கின்றன? அவற்றுள் மலேசிய எழுத்தாளர்கள் எழுதியவை எத்தனை? பாகான் டத்தோ வட்டாரத் தோட்டங்களைப் பற்றி ஒரு பக்கமாவது பேசும் நூலோ மலரோ அதில் உண்டா?

முதல் கேள்விக்கு யாராவது தோராயமாக ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். மற்ற இரண்டுக்கும் விடை வேண்டுமென்றால், சரியான பட்டியல் இல்லாத நூலகத்தில் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு நூலாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே கேட்டவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார். நூல் அலமாரியிலேயே இருக்கும்.

சிறிய நூலகங்களைக் கணினிவழி நிர்வகிக்க இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வியோடு தொடங்கி அதோடு முடித்துவிடுகிறார்கள். என் கருத்து வேறு. மென்பொருள் கிடைப்பது இன்று ஒரு சிக்கலே இல்லை. அதற்குள் போட வேண்டிய பதிவுகள்தாம் இல்லை. ஆங்கில நூல்களுக்கான பதிவை உலகத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். நம் தோட்டத்துத் தமிழ் நூலுக்கு அதை நாம்தான் எழுத வேண்டும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் நீங்கள் அந்த வேலையைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

பதிவு என்பது என்ன?

நீலாம் வாசிப்புத் திட்டத்துக்காக நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று எழுதிப் பழகியிருப்பீர்கள். நூலகப் பதிவின் அடிப்படையும் அதுதான். அதோடு இரண்டு விவரங்கள் சேரும்: நூல் எதைப் பற்றியது, எந்த அலமாரியில் எந்த இடத்தில் இருக்கிறது.

இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதாதா? 400 நூல்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், நோட்டுப் புத்தகத்தை ஒரே ஒரு வரிசையில்தான் எழுத முடியும். தலைப்பின் அகர வரிசையில் எழுதினால், ஓர் ஆசிரியரின் எல்லா நூல்களையும் காண முழு நோட்டையும் படிக்க வேண்டும். அதனால்தான் பழைய நூலகங்களில் ஒரே நூலுக்குத் தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று மூன்று அட்டைகளாவது எழுதி, மூன்று வரிசைகளில் அடுக்கினார்கள். கணினியில் ஒருமுறை எழுதினால் போதும். கேட்ட வரிசையில் அது தரும். நோட்டுப் புத்தகம் கடற்கரை ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாகும். கணினிப் பட்டியலை நான்கு இடங்களில் நகலெடுத்து வைக்கலாம்.

இந்தத் துறைக்கு அறிவியல் அடித்தளம் தந்தவர்களுள் ஒருவர் ஒரு தமிழர். 1892 இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931 இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை உலகம் முழுவதும் நூலகம் படிப்போர் இன்றும் படிக்கிறார்கள். அவற்றுள் இரண்டை இங்கே நினைவில் வையுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதைத் தேடும் ஒரு வாசகர் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது இன்னொன்று. பட்டியல் இல்லாத நூலகம் இரண்டையும் மீறுகிறது.

ஒரு சிறிய மாவட்டத்திலிருந்து வந்த மென்பொருள்

உலகில் ஆயிரக்கணக்கான நூலகங்கள் பயன்படுத்தும் கோகா என்ற மென்பொருள், நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற ஒரு சிறிய மாவட்டத்தில் பிறந்தது. நம் பாகான் டத்தோவைப் போலவே கடற்கரையும் விவசாயமும் கொண்ட இடம் அது.

1999 ஆம் ஆண்டு. பல பழைய கணினி மென்பொருள்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே சேமித்தன. 99 க்குப் பிறகு 00 வரும்போது அது 2000 ஆ, 1900 ஆ என்று அவற்றுக்குத் தெரியாது. இரவல் கொடுத்த நூலைத் திருப்பித் தரும் நாளைக் கணக்கிடும் நூலகத்துக்கு இது பெரிய தலைவலி. அந்த மாவட்டத்து நூலகங்களின் பழைய மென்பொருளும் 2000 ஐத் தாண்டாது என்ற நிலை. புதியதை விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக, கட்டிப்போ என்ற ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு புதிதாக ஒன்றை எழுதச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. பிறகு அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு உலகுக்கே திறந்துவிட்டார்கள்.

கோகா என்பது மாவோரி மொழிச் சொல். அன்பளிப்பு என்று பொருள். ஆனால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும் அன்பளிப்பு அன்று. பெற்றவர் தன் முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்ற வழக்கமும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம் திருமண வீடுகளில் எழுதப்படும் மொய்யும் அப்படித்தானே? இன்று உங்கள் வீட்டில் எழுதியவருக்கு நாளை அவர் வீட்டில் நீங்கள் எழுதுவீர்கள்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. 'இலவசம்' என்பது வேறு, 'கட்டற்றது' என்பது வேறு. காசு வாங்காமல் தரப்படும் எல்லாமே இலவசம். ஆனால் உள்ளே எழுதப்பட்டிருக்கும் நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும் ஓர் இணையச் சேவையில் நூறு மணி நேரம் உழைத்து உங்கள் நூல்களை ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளை அந்தச் சேவை மூடப்பட்டாலோ கட்டணம் கேட்டாலோ உங்கள் உழைப்பு என்னாகும்? ஆகவே எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து நூல்களை ஏற்றுங்கள். பிறகு அந்தப் பத்தையும் ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே எடுக்க முடியவில்லையென்றால் பதினோராவது நூலை ஏற்றாதீர்கள்.

அளவுக்கேற்ற சட்டை

கோகாவைப் புகழ்ந்துவிட்டு, அதை உடனே நிறுவாதீர்கள் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கோகா பல கிளைகள் கொண்ட நூலகங்களையும் தாங்கும் பெரிய மென்பொருள். அது லினக்ஸ் இயங்கும் வழங்கிக் கணினியைக் கேட்கும். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரையும் கேட்கும். 400 நூல்களுக்கு அதைக் கொண்டுவருவது, ஒரு மூட்டை தேங்காயை ஏற்றப் பெரிய லாரியை வரவழைப்பது போல. அந்த ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் லாரி அப்படியே நின்றுவிடும்.

என் பரிந்துரை மூன்று படிகள். முதல் படி, லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் ஒரு விரிதாள். ஒரு நூலுக்கு ஒரு வரி. நூல் எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பித்த ஊர், ஆண்டு, பக்கம், பொருள், அலமாரி என்று ஒன்பது பத்திகள். பல சிறு நூலகங்களுக்கு இதுவே போதும்.

இரவல் கொடுத்து வாங்குவதும் உண்டு என்றால் இரண்டாம் படி. மலாக்கா நீரிணைக்கு அப்பால், இந்தோனேசியக் கல்வியமைச்சின் நூலகம் 2007 இல் வெளியிட்ட சிலிம்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஜாகர்த்தாவில் அந்த நூலகம் இருந்த செனாயான் பகுதியின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. ஒரு சாதாரணக் கணினியில் நிறுவி, இணையத் தொடர்பு இல்லாமலே உலாவியில் பயன்படுத்தலாம். அது இந்தோனேசிய மொழியில் பிறந்ததால், மலாய் தெரிந்த உங்களுக்கு அதன் கையேடுகளைப் படிப்பது கடினமாக இருக்காது. பல பள்ளிகள் சேர்ந்து ஒரே பட்டியலை வைத்துக்கொள்ள விரும்பும் நாள் வந்தால், அப்போது மூன்றாம் படியாகக் கோகாவுக்குப் போகலாம். முதல் படியில் எழுதிய விரிதாளை அடுத்த படிகளுக்குக் கொண்டுபோக முடியும். எதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

இயந்திரம் எதுவரை உதவும்?

புதிய நூல்களின் பின்னட்டையில் கோடுகளும் அவற்றின் கீழ் 13 இலக்க எண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அனைத்துலகத் தர நூல் எண். பெரும்பாலும் 978 என்று தொடங்கும். அதை அடுத்து 967, 983, 629 ஆகியவற்றில் ஒன்று வந்தால் அது மலேசியப் பதிப்பு. 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு.

இந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். எடுத்துக்காட்டாக 9780306406157 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அடுத்த பத்தின் மடங்கான 100 ஐ எட்ட இன்னும் 7 வேண்டும். அந்த 7 தான் கடைசி இலக்கம். நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஏதேனும் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் கூட்டல் ஒத்துவராது; கணினி உடனே சொல்லிவிடும்.

ஆனால் அந்தக் காவல்காரரும் சில வேளைகளில் கண்ணயர்வார். அதே எண்ணில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் 6, 1 என்ற இரு இலக்கங்களை 1, 6 என்று இடம் மாற்றி அடித்துப் பாருங்கள். கூட்டல் சரியாகப் பத்தால் குறையும். கடைசி இலக்கம் மாறாது. கணினி தவறைக் காணாது. அடுத்தடுத்த இரு இலக்கங்களுக்கு இடையே வேறுபாடு 5 ஆக இருக்கும்போதெல்லாம் இப்படித்தான். ஏன் என்பதை உங்கள் கணித நோட்டில் போட்டுப் பாருங்கள். இயந்திரம் உதவும், ஆனால் நூலைக் கையில் வைத்திருப்பவரின் கண்ணும் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

எண் சரியாக இருந்தால் மென்பொருள் இணையத்தில் உள்ள பெரிய நூலகங்களைக் கேட்டு, தலைப்பு முதல் பக்கம் வரை எல்லாவற்றையும் தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஒருவர் எழுதிய பதிவை உலகமே நகலெடுக்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணியின் தலைமையில் 1960களில் உருவான மார்க் என்ற பதிவு வடிவம்தான் இதற்கு அடிப்படை. அந்த வடிவத்தில் தலைப்புக்கு 245, முதன்மை ஆசிரியருக்கு 100 என்று ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த மொழி நூலகராக இருந்தாலும் 245 என்றால் தலைப்பு என்று புரிந்துகொள்வார், கணினியும் புரிந்துகொள்ளும்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று குறிப்பிடப்படும் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917 இல் வெளிவந்தது. நூல் எண் முறை அனைத்துலகத் தரமானது 1970 இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இங்கு அச்சான தமிழ் நூல்களில் அந்த எண்ணும் இல்லை, கோடும் இல்லை. அதற்குப் பிறகும் கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், தோட்டத் தொழிற்சங்கக் கையேடு, இளைஞர் மணிமன்ற மலர் போன்றவற்றில் அதைத் தேடினால் கிடைப்பது அரிது. அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1986 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஒரு தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்கு முதல் வாரம் அவசர அவசரமாக மலர் அச்சடிக்கும் குழுவுக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வருமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே உங்கள் அலமாரியில் மிக அரிய நூல் எது என்று கேட்டால், தடித்த கலைக்களஞ்சியத்தைக் காட்டாதீர்கள். அதன் படிகள் பல நூலகங்களில் இருக்கும். ஊசிக்கம்பி துருப்பிடித்த முப்பது பக்கக் கோயில் மலர் ஒன்று ஓரத்தில் கிடக்கிறதே, அதைப் பாருங்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் பெயர்கள், பள்ளி தொடங்கிய கதை, பழைய புகைப்படங்கள் அதில் இருக்கலாம். தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அந்த வாழ்க்கைக்கு அச்சில் மிஞ்சிய சாட்சி அதுவாகவே இருக்கலாம். அதன் பதிவை எந்த இயந்திரமும் எங்கிருந்தும் கொண்டுவந்து தராது.

மூன்று விதிகள்

எழுதுவது என்று முடிவு செய்தபின் மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

முதல் விதி: தமிழ் நூலைத் தமிழ் எழுத்தில் பதியுங்கள். வெளிநாட்டுப் பெரிய நூலகங்களின் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் நெடுங்காலமாக ரோமன் எழுத்தில்தான் பெரும்பாலும் பதியப்பட்டு வந்தன. அதை நாமும் செய்தால் ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுவார். தேடுபவர் மூன்றாவது விதமாகத் தேடுவார். ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991 இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. ஆகவே தமிழில் எழுதத் தடை ஒன்றுமில்லை. ஆனால் கவனம் வேண்டும். ஔவையார் என்ற பெயரின் முதல் எழுத்தை 'ஔ' என்ற ஒரே எழுத்தாக அடிக்காமல், 'ஒ' வையும் 'ள' வையும் அடுத்தடுத்து அடிப்பவர்கள் உண்டு: ஒளவையார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பாட்டியே நூலகத்தில் தொலைந்து போவார்!

பழைய கோப்புகளிலும் எச்சரிக்கை தேவை. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அப்படி எழுதிய பட்டியலை இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியலாம். உரிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு சேருங்கள்.

இரண்டாவது விதி: ஒருவருக்கு ஒரே பெயர். மொய் எழுதுபவர் வெறுமனே முனியாண்டி என்று எழுதமாட்டார். எந்த முனியாண்டி? ஊத்தான் மெலிந்தாங் முனியாண்டியா, சுங்கை சுமுன் முனியாண்டியா? ஊரும் தலையெழுத்தும் இல்லாவிட்டால் நாளை திருப்பிச் செய்ய முடியாது. நூலாசிரியருக்கும் அதே கவனம் வேண்டும். மறைந்த பேராசிரியர் ரெ. கார்த்திகேசுவை வாசகர்கள் ரெ.கா. என்றும் அழைப்பர். ஒருவர் முதல் பெயரிலும் இன்னொருவர் இரண்டாம் பெயரிலும் பதிந்தால், ஒரே எழுத்தாளர் பட்டியலில் இருவராகப் பிரிந்துவிடுவார். எந்த வடிவத்தில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஊர்ப் பெயருக்கும் இது பொருந்தும். தெலுக் இந்தானின் பழைய பெயர் தெலுக் அன்சன். 1982 இல் பெயர் மாறியது. பழைய மலர் ஒன்றில் தெலுக் அன்சன் என்றுதான் அச்சாகியிருக்கும். அதை அப்படியே பதியுங்கள். பக்கத்தில் இன்றைய பெயரையும் சேருங்கள். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் டத்தோ என்று எழுதப்பட்டது இன்று டத்துக் என்று மாறிவிட்டது; தமிழில் நாம் பழையபடியே எழுதி வருகிறோம். இரண்டில் எதைத் தட்டினாலும் தேடுபவருக்கு நூல் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது விதி: அலமாரியை உங்கள் வாசகருக்கு ஏற்பப் பிரியுங்கள். உலகின் பல நூலகங்கள் பின்பற்றும் டியூவி தசம முறை 1876 இல் அமெரிக்காவில் தோன்றியது. அதில் இலக்கியத்துக்கு 800 களின் வரிசை. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று பத்துப் பத்தாக இடம் கொடுத்துவிட்டு, உலகின் மிச்ச மொழிகள் பலவற்றையும் 890 என்ற ஒரே அறைக்குள் அடைத்துவிட்டார்கள். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. உங்கள் 400 நூல்களில் 300 அந்த எண்ணில் வந்து நின்றால், அந்த எண் எதையும் பிரித்துத் தரவில்லை என்று பொருள். பதிவில் அந்த எண் இருக்கட்டும். அலமாரியில் சிறுகதை, நாவல், கவிதை, வரலாறு, அறிவியல், நம் வட்டாரம் என்று வண்ணத் தாள் ஒட்டிப் பிரியுங்கள். 'நம் வட்டாரம்' என்ற தட்டு கட்டாயம் இருக்கட்டும்.

செய்து காட்டியவர்கள்

இதெல்லாம் தமிழில் நடக்குமா என்று ஐயப்பட வேண்டாம். இலங்கையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதையும், சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் திரட்டத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருள்தான் அவர்களுக்கும் அடித்தளம். அவர்களது பதிவைத் திறந்து பாருங்கள். நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று எல்லாம் தமிழிலேயே இருக்கும். பெரிய பெரிய நூல்களோடு ஊர்ப் பள்ளி மலரும் அங்கே சமமாக இடம் பெறுகிறது. எரிந்துபோன நூல்களை யாராலும் மீட்க முடியாது. ஆனால் எஞ்சியவை எவை, எங்கே இருக்கின்றன என்று இன்று தேடிக் காண முடிகிறது.

நமக்கு நெருப்பு தேவையில்லை. வெள்ளமும் கரையானும் போதும். பள்ளி வேறு கட்டடத்துக்கு மாறும்போது பழைய தாள்களை யாரோ எடைக்குப் போடுவதும் போதும். என்ன இருந்தது என்ற பட்டியலே இல்லாவிட்டால், எதை இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போகும்.

எவ்வளவு வேலை?

ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 நூல்களுக்கு 2,000 நிமிடம். 33 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு எட்டரை மணி நேரம்கூட ஆகாது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்து சனிக்கிழமைகளில் முடியும்.

தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு அந்த அலமாரிக்கும் உங்களுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலை கடினம். ஆசிரியர்களுக்கோ நேரம் இல்லை. கணினியும் தெரிந்து, தமிழும் தட்டச்சு செய்யத் தெரிந்து, பழைய பள்ளியில் உரிமையோடு நுழையக்கூடியவர்கள் நீங்கள்தாம். தலைமையாசிரியரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளியிலேயே வைத்துப் பதியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரவல் பதிவுக்காக மாணவர்களின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். பெயரும் வகுப்பும் போதும். யார் எந்த நூலைப் படித்தார் என்பது அவரது சொந்த விஷயம். நூல் திரும்பி வந்ததும் அந்தத் தொடர்பை அழித்துவிடுவது நல்லது. நூல்களின் பட்டியலை ஊருக்கே காட்டலாம். வாசகர்களின் பட்டியலைக் காட்டக் கூடாது.

முழு அலமாரியையும் நினைத்து மலைக்க வேண்டாம். வரும் சனிக்கிழமை பத்தே பத்து நூல்களை எடுங்கள். இந்த மண்ணில் அச்சானவையாகப் பாருங்கள். மெலிந்தவையாக, அட்டை கிழிந்தவையாகப் பாருங்கள். பத்து வரிகள் எழுதிச் சேமித்து, ஒரு நகலை உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளி மாணவர்களும் அவ்வாறே பத்து வரிகள் எழுதி உங்களுக்குத் தரட்டும். பாகான் டத்தோ வட்டாரத் தமிழ் நூல்களின் பொதுப் பட்டியல் அந்த இருபது வரிகளிலிருந்து தொடங்கலாம்.